சாமிக்கு லொக்கேஷன் இருக்கா, டாடி?

வெளிநாட்டில் பிழைக்கிறவனுக்கு நாற்பத்தைந்து வயசு தாண்டினால் மூன்று சமாசாரம் சேர்ந்து வரும். சர்க்கரை, வழுக்கை, குலதெய்வம். முதலாவதுக்கு மாத்திரை இருக்கிறது, இரண்டாவதுக்குத் தொப்பி இருக்கிறது. மூன்றாவதுக்கு டிக்கெட்தான் எடுக்கணும்.

இருபத்தைந்து வயசில் துபாய்க்கு விமானம் ஏறினவனுக்குச் சாமி ஞாபகமெல்லாம் கிடையாது. சம்பளம் ஒண்ணாம் தேதி வருமா, ரூமில் இன்றைக்கு யார் சமையல், இரண்டே கவலைதான். பிறகு ஒருநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "ம்ம்ம்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார். அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போகும். "ஏம்மா, இந்த வருஷம் பங்குனி உத்திரம் என்னைக்கு?"

எங்கள் தென் ஜில்லாவில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா. கோவில்பட்டிப் பக்கம் காவடிக்காரர்கள் கழுகுமலை முருகனிடம் போவார்கள். ஆனாலும் குடும்பத்துக்கென்று ஒரு சாஸ்தா ஏதாவதொரு கண்மாய்க்கரையில் காத்துக்கொண்டிருப்பார். சென்னையோ, மும்பையோ, துபாயோ, அன்றைக்கு அவர் முன்னால் ஆஜராகணும்.

"ஆண்டவன் எங்கேயும் இருக்கான்மா, இங்கேயே கும்பிட்டுக்கிறேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா அசரவில்லை. "எங்கேயும் இருக்கிறவர் எங்கேயும் இருக்கட்டும்யா. நம்ம ஆளு இங்கேதான இருக்காரு!"

அங்கே கோயிலுக்குப் பஞ்சமில்லை சார். ஜெபல் அலியில் 2022-ல் புதுக் கோயில் திறந்தார்கள். அபுதாபியில் 2024 பிப்ரவரியில் கல்லால் இழைத்துப் பிரம்மாண்டமாக ஒன்று. பார்க்கிங் உண்டு, பளிங்கு உண்டு. நாங்களும் போய் மனசாரக் கும்பிடுகிறோம். ஆனால் அங்கே என் தாத்தா பேரைச் சொல்லி விசாரிக்க ஆள் கிடையாது. அதுதான் வித்தியாசம்.

இது நேற்று வந்த வியாதியும் இல்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரரான எழுத்தாளர் கு. அழகிரிசாமி 1952-ல் மலேயா போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 1957-ல் திரும்பி வந்துவிட்டார். அவர் தன் ஊர்க்கார நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. அந்தக் கி.ரா.வும் பிற்காலத்தில் புதுச்சேரிவாசி ஆனார். 2021 மே மாதம் அங்கே காலமானார். உடலை இடைசெவலுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

கரிசல் மண் குணம் அப்படி! மழை பெய்த பிறகு நடந்து பாருங்கள். அடிக்கு அடி செருப்பு கனத்து, இருபதாவது அடியில் நீங்கள் மண்ணைச் சுமக்கிறீர்களா, மண் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். கோடையில் அதே மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு கட்டினால் கீழே கெட்டித் தரை வரைக்கும் அஸ்திவாரம் தோண்டணும். இல்லாவிட்டால் சுவர் விரிந்துவிடும்.

எங்கள் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் கிரானைட், மாடியில் இரண்டு பெட்ரூம். ராத்திரியில் ஒரே ஓர் அறையில்தான் விளக்கு எரியும். அதில் ஓர் அம்மா. மற்ற அறைகளில் சுவர் சத்தமில்லாமல் விரிந்துகொண்டிருக்கும். வீடியோ காலில் தெரியாது. அம்மா போனை அந்தப் பக்கம் திருப்பவே மாட்டாள்.

"ஏய்யா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. முட்டுவலி எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

இந்த 'நல்லாத்தான்' என்பதில் ஒரு 'தான்' இருக்கிறது பாருங்கள், அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஸ்கேன் வரவில்லை.

ஆபீஸில் வேலையில்லாத ஒரு மத்தியானம் கணக்குப் போட்டேன். வருஷம் 30 நாள் லீவு. அம்மாவுக்கு எழுபத்தைந்து. தெம்பாக இன்னும் பத்து வருஷம் என்று வைத்தால் 300 நாள். மாமனார் வீட்டுக்கு 80. கல்யாணம், காதுகுத்துக்கு 60. பேங்க், ஆதார், பட்டாவுக்கு 40. பல் டாக்டருக்கு 20 (அங்கே பல்லைக் காட்டினால் சொத்தைக் கேட்பார்கள்). பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்ட 50. கழித்தால் மிச்சம் 50 நாள். பத்து வருஷத்துக்கு, அம்மாவோடு, ஐம்பது நாள்! பேசாமல் கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டு டிக்கெட் போட்டேன்.

போன பங்குனிக்குப் பதினாலு வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு மதுரையில் இறங்கி, அங்கிருந்து நூறு கிலோமீட்டர். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டைவிட்டு வண்டிப்பாதையில் இறங்கினோம். பையன் போனைத் தட்டிப் பார்த்தான். "டாடி, சாமிக்கு லொக்கேஷன் இருக்கா? மேப்பில் வரலையே!"

"மேப் என்னத்துக்குய்யா? அந்த வேலிக்கருவை தாண்டி ரெட்டைப் பனை நிக்கும். அதுல பீச்சாங்கைப் பக்கம்" என்றாள் அம்மா.

கோயிலில் அடுப்பு மூட்டினோம். காற்றில் நான் உரசிய ஆறு குச்சியும் அணைந்துவிட்டது. அம்மா வாங்கி ஒரே உரசலில் பற்றவைத்தாள். தீப்பெட்டி ஒட்டி என்னைப் படிக்கவைத்த கை.

பொங்கல் வெந்துகொண்டிருக்கும்போது பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து வழியை ஒப்பிக்கச் சொன்னாள். வேலிக்கருவை, ரெட்டைப் பனை, பீச்சாங்கை. அவன் சிரித்துக்கொண்டே போனில் ஒரு புள்ளி வைத்து, "சேவ் பண்ணிட்டேன் ஆச்சி" என்றான்.

"அப்போ நான் இல்லாட்டியும் வந்துருவேல்ல?"

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அடுப்பில் பானையைப் பார்த்தேன்.

விசாவுக்குக் காத்திருக்கிற தம்பிகளே! மெடிக்கல், போட்டோ, பாஸ்போர்ட் என்று பட்டியல் வைத்திருப்பீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்குள் ஒரு நாள் அம்மாவோடு குலதெய்வம் கோயிலுக்கு நடந்து போய் வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமி அங்கேயேதான் இருப்பார், அவசரமில்லை. வழி சொல்கிறவளிடம்தான் சீக்கிரம் கேட்கணும்.