பழைய காருக்குப் புதுக் காஸ்

என் அத்தை வீட்டுக் காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதை விற்றுவிடலாமே என்று மாமாவிடம் யாராவது சொன்னால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது! 1991-ல் வாங்கியபோது பொருத்திய ஏ.ஸி. இன்னும் அதில் இருக்கிறது. அத்தைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். சித்திரை வெயிலில் சிகிச்சை முடிந்து துவண்டு வருகிறவளுக்கு அந்தக் குளிர்ச்சி ஆடம்பரம் அல்ல, மருந்து மாதிரி.

சென்ற ஆண்டு அந்த ஏ.ஸி. அனல் காற்று வீச ஆரம்பித்தது. "பழைய காஸ் இப்போது கிடைக்காது, ஸார். புதுக் காஸை ஏற்றிவிடுகிறேன். அரை மணி வேலை!" என்றார் ஒரு மெக்கானிக். செலவும் குறைவு. மாமாவுக்குப் பரம திருப்தி.

இரண்டு மாதம் ஜிலுஜிலுவென்று ஓடியது. மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், கம்ப்ரஸர் கரகரவென்று கத்திவிட்டு அப்படியே இறுகிக்கொண்டது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை வீடு வந்து சேர்ந்தாள்.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மைதான். பழைய கார்களில் இருந்தது ஆர்-12 என்ற காஸ். குளிர்சாதனங்களுக்கு இது ஏற்றது என்று 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டார்கள். தீப்பிடிக்காது, நாறாது, உலகமே கொண்டாடியது. ஆனால் இந்த வகைக் காஸ்கள் மேலே போய், சூரியனின் கொடிய கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2010-க்குள் ஆர்-12 உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. இது ஓஸோனைத் தொடுவதில்லை.

பின்னே, பிசகு எங்கே?

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளியே கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கார் ஏ.ஸி.யும் அதே வித்தைதான். திரவமாக வரும் காஸ் ஆவியாகிக் காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி முன்பக்கத்துக் கண்டென்ஸருக்குத் தள்ள, அங்கே சூட்டை உதறிவிட்டு மறுபடி திரவமாகிறது.

இந்தக் காஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயைத் தன்னோடு சுமந்து சுற்றி வரவேண்டும். ஆர்-12 பழைய கனிம எண்ணெயோடு நன்றாகக் கலந்தது. ஆர்-134ஏ அதனோடு ஒட்டாது. எண்ணெய் குழாய்களில் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு போகிறது. மை போடாத வண்டிச் சக்கரம் எத்தனை நாள் உருளும்?

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால், ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருவதற்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, மிச்சமிருக்கும் பழைய காஸை மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிப்பீர்களா? காற்றில் திறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, பழைய எண்ணெயை வடித்து, புதுக் காஸுக்கு உரிய எண்ணெய் ஊற்றுவீர்களா? பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கினாலும் பொறுத்துக்கொள்ளும் எஸ்டர் எண்ணெயைப் பலர் விரும்புகிறார்கள்.

மூன்றாவது, டிரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றுவீர்களா? உப்பு ஜாடியில் நாம் போட்டு வைக்கும் அரிசி மாதிரி, ஈரத்தை உறிஞ்சுவது டிரையரின் வேலை. பழையது புதுக் காஸுக்கு ஒத்துவராது.

நான்காவது, வாக்குவம் பம்ப் வைத்து அரை மணிக்குக் குறையாமல் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, காஸை எடை போட்டு ஏற்றுவீர்களா? பழைய காஸின் எடையில் சுமார் 80 முதல் 85 சதவிகிதம் போதும். அதிகம் ஏற்றினால் அழுத்தம்தான் கூடும், குளிர்ச்சி கூடாது.

இன்னும் ஒன்று. சமையல் காஸ் வகையை ஏற்றினாலும் குளிரும் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பழைய ஏ.ஸி. தீப்பற்றும் காஸுக்காகச் செய்ததல்ல.

ஆர்-134ஏ-யும் பரம சாது என்று எண்ணவேண்டாம். ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் காஸ் ஏற்றுவது பணத்துக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

மாமாவின் கதை என்னவாயிற்று? கம்ப்ரஸரிலிருந்து உதிர்ந்த உலோகத் தூள் குழாயெல்லாம் பரவியிருந்தது. எல்லாவற்றையும் கழுவி, புதுக் கம்ப்ரஸரும் கண்டென்ஸரும் போட வேண்டியதாயிற்று. முதலில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு! வேறு ஒர்க்‌ஷாப்பில் வேலை இரண்டு நாள் நடந்தது. நெரிசலில் கார் நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி சற்றுக் குறைகிறது; மற்றபடி குறையில்லை.

பில்லைப் பார்த்து மாமா பெருமூச்சு விட்டார். அத்தை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என் ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஆகிறது. வாசலில் காத்துக்கொண்டு இருக்கிறவர் நீங்கள்தானே? காருக்கு மட்டும் அரை மணியில் ஆகிவிடும் என்று எப்படித்தான் நம்பினீர்களோ!"