பிரெஞ்சு மொழி: விலகும் அரசுகள், விடாத பள்ளிக்கூடம்

ஆண்டுதோறும் மார்ச் 20-ஆம் நாளைப் பிரெஞ்சு பேசும் நாடுகள் தங்கள் மொழி நாளாகக் கொண்டாடுகின்றன. 1970-இல் அதே நாளில், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜரின் தலைநகர் நியாமேயில்தான் இந்த நாடுகளின் கூட்டமைப்புக்கு அடித்தளம் இடப்பட்டது. 55 ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், கொண்டாட்டத்துக்குச் சில நாள்களே இருந்தபோது அதே நைஜர் அந்த அமைப்பை விட்டு விலகுவதாக அறிவித்தது. அண்டை நாடுகளான புர்கினா பாசோவும் மாலியும் அதே வாரத்தில் விலகின.

இது திடீரென வந்த முடிவன்று. 2023-இல் மாலி கொண்டு வந்த புதிய அரசியலமைப்பில் 13 உள்நாட்டு மொழிகள் அதிகாரத்துவ மொழிகளாயின. பிரெஞ்சு வெறும் பணி மொழியாக இறங்கியது. அவ்வாண்டு இறுதியில் புர்கினா பாசோவும் அதே வழியில் சென்றது. நைஜர் 2025-இல் ஹவுசாவைத் தேசிய மொழியாக்கி, பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் பணி மொழி என்ற இடத்தைக் கொடுத்தது. மூன்று நாடுகளிலும் ஆட்சியைப் பிடித்தது இராணுவம். மூன்றுமே பிரெஞ்சுப் படைகளை வெளியேற்றியவை.

அப்படியானால் பிரெஞ்சு தேய்கிறதா? எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கூட்டமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் 32 கோடியே 10 லட்சம் பேர் பிரெஞ்சு பேசுகிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக், கரீபியக் கடலில் ஹைத்தி, பசிபிக்கில் நியூ கலிடோனியா என்று அது பரந்து கிடக்கிறது. ஆனாலும் அன்றாடம் அதைப் பேசுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள். கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசா, மக்கள்தொகையில் பாரிஸ் மாநகரையே மிஞ்சிவிட்டது.

ஆனால், இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோருக்குப் பிரெஞ்சு வீட்டு மொழியன்று. வீட்டில் பம்பாரா, ஹவுசா, வொலோஃப், லிங்காலா. பள்ளியில்தான் பிரெஞ்சு. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான், காபோனின் லிப்ரவில் போன்ற சில நகரங்களில் மட்டுமே பிள்ளைகள் அதை வீட்டிலேயே பேசி வளர்கிறார்கள். ஆகவே அங்கே பிரெஞ்சைத் தாங்கி நிற்பது பாரிஸ் அல்ல, வகுப்பறை. அதனால்தான் படைகளை அனுப்பிவிட்ட அரசுகளால் மொழியை அவ்வளவு எளிதில் அனுப்ப முடியவில்லை. சட்டம், நீதிமன்றப் பத்திரம், தேர்வுத்தாள், பாடநூல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 13 மொழிகளுக்கு ஓர் இரவில் தகுதி கொடுத்துவிடலாம். ஆசிரியரையும் புத்தகத்தையும் ஓர் இரவில் உருவாக்க முடியாது.

இன்னொரு கவலையும் உண்டு. பிரெஞ்சு விட்டுப்போகும் நாற்காலியில் தாய்மொழிதான் உட்காரும் என்ற உறுதி இல்லை. ருவாண்டா 2008-இல் பள்ளிப் பாடமொழியைப் பிரெஞ்சிலிருந்து மாற்றியபோது அந்த இடத்துக்கு வந்தது ஆங்கிலம். அல்ஜீரியா 2022-இல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் ஆண்டிலேயே ஆங்கிலத்தைப் புகுத்தியது. கியூபெக் வேறு பாதையில் நடந்தது. ஆங்கிலக் கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு, குடியேறிகளின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்று 1977-இல் சட்டம் இயற்றியது. அங்கே பிரெஞ்சு இன்றும் நிலைத்திருப்பதில் அந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதையில் தமிழரும் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். இன்றும் அங்கே கோவில் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு, தமிழ்க் குடும்பப் பெயரும் உண்டு. ஆனால், வீட்டில் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். பாட்டன் பேசிய மொழியைச் சிலர் இப்போது அந்நிய மொழி போல அரிச்சுவடியிலிருந்து கற்கிறார்கள்.

அவர்களும் நம்மைப் போல் தோட்டத்தில் பிழைக்கப் போனவர்களே. அவர்களுக்கு வாய்க்காததும் நமக்கு வாய்த்ததும் ஒன்றுதான்: தோட்டத்துக்குள்ளேயே ஒரு தமிழ்ப்பள்ளி. இந்நாட்டில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோவில் பண்பாட்டைக் காக்கும். மொழியைக் காப்பது பள்ளி. முதலாம் ஆண்டுப் பதிவுக்குப் பிள்ளையின் பெயரைக் கொடுக்கும்போது, நைஜரையும் ரீயூனியனையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.