பெட்டி மேல் போட்ட எண்ணை நம்பாதீர்கள்

பேரப்பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் '500 மடங்கு' என்று அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள். முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, ஏறக்குறைய அதன் இரண்டு மடங்குதான் பயன்படும் உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 60 மி.மீ. கண்ணாடி 120 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான் மிஞ்சும். ஆடும் முக்காலியில் அதுவும் நிற்காது. பிள்ளை இரண்டு நாள் பார்க்கும். மூன்றாம் நாள் குழாய் பரணுக்குப் போய்விடும். பணம் போனால் போகட்டும், ஆசையும் அல்லவா போய்விடுகிறது!

அகலமான கண்ணாடி, அசையாத முக்காலி, இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 700 மி.மீ. குவியத்தூரக் குழாயில் 20 மி.மீ. கண்லென்ஸ் போட்டால் 35 மடங்கு. வியாழனின் நான்கு நிலவுகளும் நம் நிலாவின் பள்ளங்களும் அதிலேயே தெரியும். பௌர்ணமியன்று நிலா பார்க்க வேண்டாம். அரைநிலாவில்தான் நிழல் விழுந்து பள்ளங்கள் எடுப்பாக இருக்கும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

எங்கள் புதுச்சேரியிலிருந்து 1689-இல் வால்மீன் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி இரட்டை நட்சத்திரம் என்று கண்டார். இன்றைய சிறிய தொலைநோக்கியிலேயே அந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மே மாத இரவில், பத்து மணி வாக்கில், மொட்டைமாடியிலிருந்து தெற்கே தாழ்வாகத் தேடச் சொல்லுங்கள்.