வவுச்சருக்கு ரெண்டு கையெழுத்து, செட்டிங்குக்கு?

பி.காம் படிச்சவனுக்கு ஏபிஐ பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. மும்பைல தணிக்கைப் பிரிவுக்கு வந்ததுல இருந்து இந்த ஆணியைத்தான் பிடுங்கிட்டிருக்கேன் :-)

பேங்க் சர்வர்ல ஓட்டை இருக்கான்னு பாக்க ஸ்கேனர் ஓட்டுவாங்க. முக்கியமான சிஸ்டங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தரமாவது பாக்கணும்னு ரிசர்வ் வங்கியோட 2023 உத்தரவே இருக்கு. ஸ்கேனர்ல ஒவ்வொரு சோதனையும் ஒரு பிளக்இன். அதுங்களைக் குடும்பம் குடும்பமா பிரிச்சிருப்பாங்க. ஒரு குடும்பத்தையே நிறுத்தியும் வைக்கலாம். திரையில போய் டிக் எடுக்க வேண்டாம், ஏபிஐ சாவி கையில இருந்தா ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

வம்பு இங்கதான். நிறுத்தி வெச்ச பிளக்இன் "ஓட்டை இல்லை"ன்னு சொல்றதில்லை, வாயே திறக்காது. ஆனா ரிப்போர்ட்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒரு தடவை எனக்கு வந்த ரிப்போர்ட்ல ஓட்டை எண்ணிக்கை திடீர்னு பாதியாச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயித்தைக் கலக்குச்சு. விசாரிச்சா, ஸ்கேன் மெதுவா போகுதுன்னு வெண்டர் பையன் ஒருத்தன் ரெண்டு குடும்பத்தை ஸ்கிரிப்ட் போட்டு நிறுத்தியிருக்கான். யார் அனுமதிச்சா? யாரும் இல்லை. அட்மின் பேர்ல எடுத்த சாவி, அட்மின் செய்யறது எல்லாம் செய்யும்.

ஐநூறு ரூபா வவுச்சருக்கு மேக்கர் ஒருத்தர், செக்கர் ஒருத்தர் வேணும். உங்க பணம் இருக்கற சர்வரோட காவலை மாத்த ஒத்தை ஆள் போதுமாம்!

கேட்டா "வேகம் முக்கியம் சார்"ங்கறாங்க. 2024 ஜூலை 19 மறந்துடுச்சா? ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்களே. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பின ஒரு உள்ளமைவுக் கோப்புல 85 லட்சம் விண்டோஸ் கணினி படுத்துச்சு, இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. ஒண்ணேகால் மணி நேரத்துல கோப்பைத் திருத்திட்டாங்க. படுத்த மெஷினை எழுப்பத்தான் நாள் கணக்காச்சு.

நான் ஏபிஐ வேண்டாம்னு சொல்லலை. ஆயிரம் சர்வரை யாரும் கையால மாத்த முடியாது. ஸ்கிரிப்ட் எழுதினவர் ஒருத்தர், ஓட்ட அனுமதிக்கறவர் வேற ஒருத்தர். மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செட்டிங்கை எடுத்து வெச்சு ஒப்பிடணும். ரிப்போர்ட் முதல் பக்கத்துலயே எத்தனை பிளக்இன் ஓடலைன்னு போடணும். நாம டே புக் டேலி பண்றதுதான், வேற ஒண்ணும் இல்லை.

நம்ம வீட்டுப் பிள்ளைங்க பெங்களூர்லயும் புனேலயும் நிறைய பேர் இந்த வேலைதான் பாக்கறாங்க. சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, "உன் ஸ்கிரிப்டை யாருப்பா செக் பண்றா?"

அந்தச் சாவி இப்ப எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு. இன்னும் பதில் வரலை.