கைக்குள் ஒரு சாவி

சென்ற வெள்ளிக்கிழமை மாலை கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியவள், வீட்டு வாசலிலேயே அரைமணி நேரம் நிற்கும்படி ஆயிற்று. பையிலிருந்த கத்தரிக்காய், முருங்கைக்காய், மளிகைச் சீட்டு எல்லாம் வாசற்படிக்கு வந்துவிட்டன. சாவி மட்டும் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து என் அண்ணன் மகன் சேகர் வந்து சேர்ந்தான். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறவன்.

"அத்தை, ஸ்வீடன் தேசத்தில் சில ஆயிரம் பேருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அவர்கள் சாவியைக் கைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்" என்றான்.

"நானும் கைக்குள்ளேதானே வைத்திருந்தேன்! அதுதானே எங்கோ விழுந்துவிட்டது!"

"கைக்குள் என்றால் தோலுக்குள், அத்தை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு மாமியிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, காப்பி கலந்து கொடுத்த பிறகு விஷயத்தை விளக்கினான். அரிசி மணி போன்ற கண்ணாடிக் குழாய். நீளம் 12 மில்லிமீட்டர், கனம் 2 மில்லிமீட்டர். அதனுள் ஒரு 'சிப்'. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தோலுக்கடியில், தடித்த ஊசியால் அதைச் செலுத்திவிடுகிறார்கள். பாட்டரி கிடையாது. கதவிலுள்ள கருவியின் அருகே கையை நீட்டினால், அந்தக் கருவியின் ரேடியோ அலையே சிப்புக்குச் சக்தி கொடுக்கிறது, கதவு திறக்கிறது. 2017-ல் ஸ்வீடன் ரயில்வேக்காரர்கள் அதை டிக்கெட்டுக்குப் பதிலாகவே ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்களாம்.

"பேஷ்!" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினான். தபாலில் வரவழைத்திருக்கிறான். "டாக்டர் எதற்கு? இன்று ராத்திரி நானே குத்திக்கொள்ளப் போகிறேன்!"

"அண்ணிக்குத் தெரியுமா?"

தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு பெரிய பாணத்தைத் தொடுத்தான். "1929-ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், தம் கை நரம்பு வழியாக இதயம் வரையில் ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது!"

"இரண்டு நாள் பொறு" என்று சொல்லிப் பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த இரண்டு நாளும் இதைப் பற்றியே படித்தேன். 'பயோஹாக்கிங்' என்று இதற்குப் பெயராம். நம் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால், சகோதரிகளே, தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கெவின் வார்விக் என்ற பேராசிரியர் 1998-லேயே முன்கையில் சிப் பதித்துக்கொண்டார். ஆனால் பதித்தவர் ஒரு டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார். ஒன்பது நாளில் வெளியே எடுத்தும் விட்டார்கள். 2013-ல் டிம் கானன் என்ற அமெரிக்கர், உடம்பின் உஷ்ணத்தை அளக்கும் பெட்டி ஒன்றை, டாக்டரும் இல்லாமல் மயக்க மருந்தும் இல்லாமல் கைக்குள் தைத்துக்கொண்டார். சில மாதங்களில் அதை எடுத்துவிட நேர்ந்தது. 2017-ல் ஜோசையா ஜேனர் என்பவர், தசை வளர வேண்டுமென்று, மரபணுவை மாற்றும் மருந்தைப் பலர் முன்னிலையில் தமக்குத் தாமே குத்திக்கொண்டார். தம்மைப் பார்த்து யாராவது ஆபத்தில் மாட்டிக்கொள்வார்களோ என்று மறு வருஷமே அவர் வருந்தினார். அந்த மாதிரிச் சாமான்களின் மேல், 'உங்களுக்கு நீங்களே செலுத்திக்கொள்வதற்கல்ல' என்று எழுத வேண்டுமென 2019-ல் கலிபோர்னியா ராஜ்யம் சட்டமே செய்தது.

ஊசி சரியாகச் சுத்தம் செய்யப்படாவிட்டால் சீழ் பிடிக்கும். பிறர் இரத்தம் பட்டதாக இருந்தால் மஞ்சள் காமாலை போன்ற வியாதிகளும் தொற்றும். தவறான இடத்தில் குத்தினால் நரம்பு பழுதாகும். விரல் நுனியில் காந்தம் பதித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் நாளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேண்டி வந்தால் என்ன கதி?

ஆனால் எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அமெரிக்காவில் டேனா லூயிஸ் என்ற பெண்ணுக்குச் சிறு வயதிலேயே நீரிழிவு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால், அவள் அணிந்திருந்த கருவியின் மணியோசை அவளை எழுப்பப் போதவில்லை. காலையில் கண் விழிப்போமா என்ற பயத்துடனேயே படுக்க வேண்டும்! 2013-ல் அவளும் நண்பர்களுமாகச் சேர்ந்து முதலில் மணியைப் பலமாக்கினார்கள். பிறகு இன்சுலின் பம்பு தானே அளவைக் கூட்டிக் குறைக்கும்படி செய்தார்கள். செய்முறையை 2015-ல் இலவசமாகவே வெளியிட்டார்கள். அதே வழியில் அமைந்த ஏற்பாட்டை நியூஜிலாந்தில் குழந்தைகளும் பெரியவர்களுமாக 97 பேரிடம் டாக்டர்கள் சோதித்து, நல்ல பலன் இருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள்.

இதுவும் வீட்டில் செய்த வேலைதான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். தேவை உயிரைப் பற்றியது. பம்பு உடம்புக்கு வெளியே இருக்கிறது. வேண்டாமென்றால் கழற்றி வைக்கலாம். ஒளிவு மறைவு இல்லை. பிறர் சோதிக்க இடம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தான். மூன்றே கேள்விகள் கேட்டேன். "ஃபோர்ஸ்மான் நோயாளிகளுக்காகச் செய்தார், நீ யாருக்காகச் செய்கிறாய்? அவர் டாக்டர், குழாய் போன வழியை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டார், உனக்கு உன் கையின் நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்று தெரியுமா? நாளைக்கு உள்ளே சீழ் வைத்தால் எடுப்பது யார்?"

"என் உடம்பு, என் இஷ்டம் இல்லையா, அத்தை?"

"உன் உடம்புதான், யார் இல்லையென்றது? ஆனால் ஜுரம் வந்தால் பக்கத்தில் விழித்து உட்காரப்போவது உன் அம்மா. அவளிடம் சொல்லமுடியாத காரியத்தில் இஷ்டம் மட்டும் போதுமா?"

வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதே சிப்பை மோதிரத்தில் வைத்தும் விற்கிறார்கள்" என்றான் மெதுவாக.

மோதிரம் வந்து சேர்ந்துவிட்டது. விரலில் நன்றாகவே இருக்கிறது. அதற்கேற்ற பூட்டின் விலையைக் கேட்ட பிறகு, அண்ணா இன்னும் பழைய சாவியைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார்!