புல்லும் விளைச்சல்தான்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கிளுவை வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், நிழலில் நாலைந்து மாடுகள், காய்ந்து வெளுத்து நிற்கும் புல். வெளியூர்க்காரர் "இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே" என்பார். அரசுக் கணக்கின் பார்வையும் அதிலிருந்து அதிகம் விலகியதல்ல. உழுது விதைத்தால் அது பயிர் நிலம். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழாமல் விட்டால், சாகுபடிக்கு உதவியும் வீணாகக் கிடக்கும் நிலம் என்ற தலைப்பு அதற்காகவே காத்திருக்கிறது. பட்டா நிலத்தில் வேலி கட்டி, மரம் வளர்த்து, புல்லைப் பயிராகவே பேணுகிறவருக்கு ஒன்பது வகை நிலப் பயன்பாட்டுப் பட்டியலில் தனி இடம் இல்லை.

கொரங்காடு எனப்படும் இந்த மேய்ச்சல் காட்டை வேளாண்மையாகப் பதிவு செய்ய வேண்டும், வேளாண்மைக்குக் கிடைக்கும் உதவி இதற்கும் கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. காங்கேயம் மாட்டின் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இதைக் கேட்கவில்லை. அந்த மண்ணே கேட்கிறது.

நொய்யலின் கீழ்ப்பகுதிக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட சீமையில், ஆண்டு மழை பெரும்பாலும் 600, 700 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போகும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றுதான் வரும், மழை வராது. மண் பெரும்பாலும் செம்மணலும் சரளையும். தோண்டினால் சுக்கான்கல் தட்டும். கருங்கல் பாறை சிதைந்து வெளிவரும் சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போகிற அளவுக்கு இங்கே மழை பெய்வதில்லை. அது மண்ணிலேயே தங்கிக் கட்டியாகிறது. கார அமில நிலை 8-ஐத் தாண்டுவது இதனால்தான்.

காரம் ஏறிய மண்ணில் சத்து இருந்தும் செடிக்கு எட்டாது. இரும்பும் துத்தநாகமும் கரையாத வடிவில் அடைபட்டுக் கிடக்கும். நிலக்கடலையின் இளந்தளிர் மஞ்சளாக வெளுப்பதைப் பார்த்து அன்னபேதி கரைத்துத் தெளிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. போட்ட சூப்பர் பாஸ்பேட்டைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மேலாக வீசிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போகும். மணல் என்பதால் தண்ணீரும் நிற்காது. உரக்கடைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும், களம் நிறையாது.

சரி, தண்ணீர் பாய்ச்சினால்? சிக்கல் அங்கேதான் பெரிதாகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் வெள்ளகோவில் வரை வருகிறது என்பது வரைபடத்தில் உண்மை. கடைமடைக்காரர்கள் தங்கள் பங்குக்காகப் போராடுவது செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் வரும் உண்மை. ஆகவே ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடி இறக்கிக் கிடைக்கும் நீர் பல இடங்களில் உப்பும் பைகார்பனேட்டும் கலந்தது. அதைப் பாய்ச்சப் பாய்ச்ச, மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து ஒதுங்கும். அந்த இடத்தில் சோடியம் வந்து உட்காரும். சோடியம் ஏறினால் மண்ணின் பொரபொரப்பு கெட்டு, மேலே பாளம் கட்டி, நீர் இறங்காது. அதுதான் களர். சுண்ணாம்பு மண்ணைக் களராக்க இயற்கைக்கு நெடுங்காலம் ஆகும். மோட்டார் அந்த வேலையைச் சில ஆண்டுகளில் முடித்துவிடும்.

தமிழ்நாட்டில் ஏற்கனவே களர் நிலம் மட்டும் சுமார் 3.54 லட்சம் எக்டர் என்பது கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அதை மீட்க வழி இல்லாமல் இல்லை. ஜிப்சம் போட்டு, நீர் கட்டி, சோடியத்தை வடித்து, தக்கைப்பூண்டை மடக்கி உழுது, திருச்சியில் உருவான டிஆர்ஒய் நெல் ரகங்களை நடலாம். மணிகண்டம் பகுதியில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த வைத்தியத்துக்கு நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். காங்கேயம் மேட்டில் இரண்டும் கிடையாது. மணலில் வடியும் உப்பு வேறெங்கும் போகாது, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில்தான் போய்ச் சேரும்.

கெட்ட நீர் மண்ணை என்ன செய்யும் என்பதற்கு இந்தச் சீமை வெளியூர் சாட்சி தேட வேண்டியதில்லை. 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தபோது கீழ் நொய்யல் கரை விவசாயிகள் இனி நஞ்சைதான் என்று நம்பினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அந்த அணையை உப்புக் குட்டையாக்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. ஆலைக்கழிவு வேறு, ஆழ்துளை நீர் வேறு என்பது தெரியும். மண்ணுக்குள் போன சோடியத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இந்த மண்ணில் என்னதான் செய்யலாம் என்ற கேள்விக்குக் கொங்கு உழவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். கொழுக்கட்டைப் புல் ஆழமாக வேர் விடும், மணலைப் பிடித்து நிறுத்தும், காரத்துக்கு அஞ்சாது. மழை பெய்தால் தழைக்கும், பெய்யாவிட்டால் நின்றபடியே காய்ந்து வைக்கோலாகும். அந்தக் காய்ந்த புல்லையும் மாடு விரும்பித் தின்னும். இடையிடையே நரிப்பயறு கொடி ஓடிப் புரதம் சேர்க்கும். பங்குனி, சித்திரையில் வேறெதுவும் கிடைக்காதபோது வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. வேலிக்குக் கம்பியும் கல்காலும் தேவையில்லை, கிளுவைப் போத்தை நட்டால் போதும், அது தானே துளிர்க்கும். காட்டைப் பல பிரிவாகத் தடுத்து, ஒன்றில் மேய்ச்சல் முடிந்ததும் கடவுப் படலைச் சாத்திவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே மட்கி, இந்த மண்ணுக்கு மிகவும் தேவையான கரிமத்தைத் தருகின்றன. கார மண்ணில் அடைபட்ட சத்தைக் கொஞ்சமேனும் விடுவிப்பது அந்த மட்குதான். உரம், மின்சாரம், கால்வாய், ஆழ்துளை எதுவும் கேட்காத வேளாண்மை இது.

அது எதையும் கேட்கவில்லை என்பதாலேயே அரசும் எதையும் கொடுக்கவில்லை. 1990 முதல் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். இவற்றை நாம் குறை சொல்லவில்லை, அந்தந்த மண்ணில் அவை தேவைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். கொரங்காட்டை அழித்துத் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 மரம், கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் அளவில் சொட்டுநீர், ஆக நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல். அதை ஆயிரம் அடியிலிருந்து இறைக்கும் மின்சாரச் செலவு அரசுடையது. ஒரு சொட்டும் இறைக்காமல் புல் வளர்க்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கு அரசின் கணக்கில் ஒரு ரூபாய் கூட இல்லை. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அரசே சொல்லிக் கொடுக்கிறது.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் கதையும் இதுதான். பன்னிரண்டு அளவுகளைச் சோதித்துத் தருகிறார்கள், நல்ல காரியம். எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்று அட்டை சொல்லும். இந்த மண்ணை உழத்தான் வேண்டுமா என்று எந்த அட்டையும் கேட்டதில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. மேய்ச்சல் காட்டில் வரும் குத்தகைப் பணம் மனை விற்றால் கிடைக்கும் பணத்தின் அருகே கூட வராது. காற்றாலையும் சூரியத் தகடும் நிலத்துக்குக் கொடுக்கும் விலையோடு புல் போட்டியிட முடியாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் மாடு பார்க்க யார் இருக்கிறார்கள்? இவை நியாயமான கேள்விகள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதும் நம் கட்சியல்ல. ஆனால் "வீணாகக் கிடக்கும் நிலத்தைத்தானே எடுக்கிறோம்" என்ற வாதத்தோடு கொரங்காட்டுக்குள் இயந்திரம் இறங்குவதை ஏற்க முடியாது. கிராவலுக்காக மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கிறவர்களும் இதே வாதத்தைத்தான் சொல்கிறார்கள். சரளைக்கு மேல் ஒரு சாண் மண்ணைக் கட்டி வைத்திருப்பது அந்தப் புல்வேர்தான்.

இன்னொரு எதிர்வாதம் கூர்மையானது. கொரங்காடு பெரும்பாலும் நிலமுள்ளவர்களுடையது. அதில் ஆடு மாடு மேய்க்கிறவர்களில் பலர் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர்கள், சொந்தமாக அரை ஏக்கர் கூட இல்லாதவர்கள். உதவித்தொகை என்று ஒன்று வந்தால் அது பட்டாக்காரர் கணக்கில் விழும், பட்டி போட்டவர் கை வெறுங்கையாகவே இருக்கும். இது நடக்கக்கூடியதுதான். குத்தகை எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாக இருக்கும்வரை நடந்தே தீரும். எனவே ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டு ஊக்கத்தொகை அறிவிக்கும்போதே அதில் பாதி, அந்த ஆண்டு அங்கே மேய்ப்பவருக்கு என்று சட்டமாக எழுத வேண்டும். குத்தகையைப் பதிந்தால் நிலமே போய்விடும் என்ற பட்டாக்காரரின் அச்சத்துக்கும், மேய்ச்சல் உரிமை ஓராண்டுக்கு மட்டுமே என்று தெளிவாகச் சொல்லிப் பதில் தரலாம்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் ஏந்திய படங்களில் காங்கேயம் காளை இருந்தது. சட்டமன்றம் அந்த மாதமே சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, பிறகு மயிலை நிறத்துக்கு மாறும் அந்தக் கன்று எங்கே மேய்ந்து வளர்கிறது என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்டோம்? (இந்த நாளேட்டின் அப்போதைய பக்கங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.) கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு வரும் காளையின் கால் வலுவும் எலும்பும் இந்தச் சுண்ணாம்பு மண்ணில் விளைந்த புல்லால் வந்தவை என்பது அங்கே மாடு பிடிக்கும் வியாபாரிகளின் நம்பிக்கை.

ஆழ்துளைக் கிணற்றுக்கும் சொட்டுநீருக்கும் மானியம் கேட்டு வரும் மனுவோடு நீர்ப் பரிசோதனைச் சீட்டையும் கட்டாயமாக்க வேண்டும். எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவு 2.5-ஐத் தாண்டிய நீரை மணல் காட்டில் பாய்ச்ச அரசுப் பணம் போகக் கூடாது. கொரங்காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதிக்கு முன் வேளாண்துறையோடு கால்நடைத்துறையின் கருத்தையும் கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதலில் அந்த நிலம் கணக்கில் தெரிய வேண்டும். எத்தனை ஏக்கர் கொரங்காடு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காங்கேயம், தாராபுரம் வட்டங்களின் கிராம நிர்வாக அலுவலர்கள் ஒரே பருவத்தில் சொல்லிவிட முடியும். ஜூலை 1-ல் அடுத்த பசலி தொடங்குகிறது. அடங்கலில் பயிரின் பெயர் எழுதும் கட்டத்தில் 'கொழுக்கட்டைப் புல்' என்று எழுதலாம் என ஒரு சுற்றறிக்கை அனுப்ப, வருவாய்த்துறைக்கு அதற்குள் நேரம் இருக்கிறது.