பெயர் மாறும் ஊரும் தரவுத்தளமும்

எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. 2014-இல் காமராசர் துறைமுகம் ஆயிற்று. பழைய பெயரின் மேலேயே புதுப்பெயரை எழுதிவிடும் தரவுத்தளத்தில், 2013-ஆம் ஆண்டின் சரக்குச் சீட்டும் காமராசர் பெயரையே காட்டும். அது பொய்யான வரலாறு. எனவே பெயர்களை ஆண்டுக் குறிப்போடு தனி அட்டவணையாகப் பிரித்தாக வேண்டும்.

அப்போது நிரல் முழுவதையும் திருத்த வேண்டுமா என்பதை முடிவு செய்வது, நிரலுக்கும் அட்டவணைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் ஓ.ஆர்.எம். நூலகமே. மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய இரு முறைகளை இங்கே நினைவுகூரலாம். ‘ஆக்டிவ் ரெக்கார்ட்’ முறையில் நிரலின் பொருள் அட்டவணையின் அச்சாகவே அமையும். ‘டேட்டா மேப்பர்’ முறையில் இரண்டும் தனித்தனியே மாறலாம்.

சிறு பணிகளுக்கு முன்னதே போதும், எளிது, விரைவு. ஆனால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ பல்லாண்டுக் கப்பல் கணக்குகளை ஏற்கும் நிரலுக்குப் பின்னதையே நாம் பரிந்துரைப்போம். பைத்தானில் எழுதுவோர்க்கு எஸ்.க்யூ.எல்.அல்கெமி உண்டு, தேவைப்படும் இடத்தில் நேரடி எஸ்.க்யூ.எல். எழுதவும் அது தடை சொல்வதில்லை.

தமிழக அரசு 2020-இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி, சில நாட்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. பழைய பெயரைக் காப்பதா என்பதை எந்த நூலகமும் முடிவு செய்யாது; அது நம் பொறுப்பு. அதற்குக் குறுக்கே நிற்காத நூலகத்தைத் தேர்ந்தால் போதும்.